மறைப்புக்குள் ஆள் இல்லை

பறவைகள் இவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்கக் கூடாது.

தழை மறைப்புக்குள் குந்தியிருந்த ரேணுகாம்பாளுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. அண்ணாமலைக்குப் பின்பக்கக் காட்டில், எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையிலும் வற்றாத அந்தக் குட்டையில், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் டீச்சரம்மாவான அவளுக்குப் பறவை பார்ப்பதுதான் வேலை. ஆள் ஒளிவதைப் பார்த்துவிட்டால் ஒரு குருவியும் வராது. அதற்கொரு தந்திரம் உண்டு. இரண்டு பேராக மறைப்புக்குள் போய், ஒருவர் மட்டும் வெளியேறி நடக்க வேண்டும். பறவைக்குக் கணக்கு வராது. ஆள் போய்விட்டதென்று நம்பிவிடும். அப்படியும் வெகுநேரம் கிளையிலேயே உட்கார்ந்து சந்தேகப்படும்.

இன்று புருஷன் சக்கரபாணி வெளியே போன கையோடு எல்லாம் இறங்கிவிட்டன. புறாக்கள், கவுதாரிகள், ஒரு மயில்.

வரும் வழியெல்லாம் சண்டை.

"கீழ்பென்னாத்தூர்ல எங்க ஜனம் சிரிக்குது. இன்னியோட நிறுத்திக்க."

"வேலைய வேணா வுடறேன். இத வுட மாட்டேங்க."

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். இதையும் விட்டால் அவளுடையது என்று எதுதான் மிஞ்சும்?

வெயில் சாய்ந்து, காய்ந்த சருகின் வாடையும் சேற்றின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, தண்ணீரை அலகுகள் உறிஞ்சும் மெல்லிய சத்தத்தைத் தவிர காடே வாய்மூடிக் கிடந்தது. கவுதாரி ஒன்று மறைப்புக்குள் நுழைந்து, அவள் பாதத்தை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. காலை உதறினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பைனாகுலரை எடுத்து ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள். சக்கரபாணியின் வெள்ளை டெர்லின் சட்டை தெரிந்தது. பக்கத்தில் ஒருத்தி நடந்தாள். பச்சைச் சேலை. குனிந்த தலை.

ரேணுகாம்பாள் தன் சேலையைப் பார்த்தாள். பச்சை.

காற்றில்லாததால் பேச்சு தெளிவாக வந்தது.

"இனிமே வர மாட்ட இல்ல?" என்றான் சக்கரபாணி.

"வர மாட்டேங்க," என்றது அவளுடைய குரல்.

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் போகிறார்கள். பறவைகளுக்கு எதற்குச் சந்தேகம்?

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. எழுந்து வெளியே பாய்ந்தாள்.

"ஏங்க, அது நான் இல்ல. நான் வருவேன். நாளைக்கும் வருவேன்."

தொண்டை கிழியக் கத்தினாள். மயில் தலை தூக்கவில்லை. சக்கரபாணி திரும்பவில்லை.

கூட நடந்தவள் திரும்பினாள்.

இவளுடைய முகம். அடக்கமாகச் சிரித்தது.

"உன்ன வுட்டேனா பாரு," என்று பல்லைக் கடித்தாள் ரேணுகாம்பாள். பாதைக்குக் குறுக்கு வழி குட்டைதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால். தொடை. இடுப்பு. சத்தமில்லை. தண்ணீர் கலங்கவில்லை. நிற்கவில்லை அவள்.

மீன்கொத்தி ஒன்று கிளையிலிருந்து நேராகப் பாய்ந்து, அவள் நெஞ்சின் வழியாகத் தண்ணீருக்குள் போய், அலகில் மீன் துடிக்க முதுகுப்பக்கமாக வெளியேறியது.