மின்னி எங்கும் போகமாட்டாள்

கறுப்பி செத்த மறுநாள் செவலையும் படுத்துவிட்டது. காலையில் புல்லைத் தொடவில்லை. மதியத்துக்குள் தொண்டை வீங்கி, அது மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

பத்து வயது சிவகாமி, காலி வாளியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொட்டகையில் இருந்ததே மூன்று உயிர்தான். கறுப்பி, செவலை, செவலையின் கன்று மின்னி. அப்பா பரமசிவம் தினமும் விடியும் முன்னே பால் கறந்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு, பொத்தோங் பாசிர் கிராமத்திலிருந்து தேக்கா சந்தை வரைக்கும் மிதிப்பார். இப்போது சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்கப்பா!"

"கூப்பிட்டாச்சும்மா." அப்பா பெருமூச்சு விட்டார். "ஆனா யாரு வர்றாரு தெரியுமா? அருளானந்தம் டாக்டரு."

சிவகாமிக்குத் திக்கென்றது. அந்தப் பெயரைத் தெரியாத மாட்டுக்காரர் யாரும் அந்த வட்டாரத்தில் இல்லை. மற்ற டாக்டர்கள் சீக்கு வந்த மாட்டைப் பார்ப்பார்கள். இவர் செத்த மாட்டைப் பார்ப்பார். அது எந்த நோயால் செத்தது என்று அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. அதனால் அவருடைய வேன் எங்கே நின்றாலும் அங்கே ஒரு மாடு செத்துக் கிடக்கும்.

ஊரார் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். அவர் வருவதால்தான் மாடு சாகிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்ததால்தான் வீடு பற்றிக்கொண்டது என்று யாராவது சொல்வார்களா? இவர்கள் சொல்வார்கள் போலிருக்கிறது.

டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அவருடைய கைகள் தோலுரிந்திருந்தன. அவர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோதே செவலையின் மூச்சு நின்றுவிட்டது.

"பார்த்தியா!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்துக் கொட்டகைக்காரர் சேதுபதி.

பரமசிவம் செவலையின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "அறுக்க விடமாட்டேன், டாக்டர். எங்களுக்குச் சோறு போட்டவ இவ."

"அறுக்க வேண்டாம். காதிலேருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிறேன். அது போதும்."

சிவகாமி செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். தலை இன்னும் சூடாகவே இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் திரும்பி வந்தார். "தொண்டை அடைப்பான். மாட்டுக்கு மாடு தொத்துற நோய்" என்றார்.

சிவகாமிக்கு அடக்க முடியவில்லை. "செத்தப்புறம் நோய் பேரு தெரிஞ்சு என்ன செய்யறது? முன்னாடியே வந்து காப்பாத்தியிருக்கலாம்ல?"

"சிவகாமி!" என்று அப்பா அதட்டினார்.

டாக்டர் கோபப்படவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். "நானும் இதைத்தான் தினமும் கேட்டுக்கிறேன், பாப்பா. இத்தனை வருஷத்துல ஒரு மாட்டைக்கூட நான் எழுப்பி நிக்க வச்சதில்ல." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா எந்தக் கிருமின்னு தெரிஞ்சா, சீக்கு வராத மாட்டுக்குத் தடுப்பூசி போடலாம். அந்தக் கிருமியைக் கொன்னு, ஊசியில ஏத்தி உள்ள அனுப்புவோம். மாட்டோட உடம்பு அதைப் பார்த்து அடையாளம் வச்சுக்கும். நாளைக்கு நிஜக் கிருமி வந்தா, 'நீதானா அந்தத் திருடன்'னு அடிச்சு விரட்டிடும்."

"அப்போ மின்னிக்குப் போடுங்க!"

டாக்டர் மின்னியைத் தடவிப் பார்த்தார். அது அவர் சட்டை நுனியைச் சப்பியது. "இப்போ காய்ச்சல் இல்ல. ஆனா கிருமி ஏற்கெனவே உள்ள போயிருந்தா, தடுப்பூசியால ஒண்ணும் ஆகாது. வேற மருந்து தர்றேன். அதுவும் நிச்சயமில்ல. ஒண்ணு மட்டும் கேளுங்க. இங்கேருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. கன்னு, புல்லு, கயிறு, எதுவுமே."

பிறகு அவர் சேதுபதியின் கொட்டகைக்குப் போனார். படலைத் திறக்கக்கூட விடவில்லை சேதுபதி.

"வேனைத் திருப்புங்க, டாக்டர். நீங்க கால் வச்ச இடமெல்லாம் போதும் லா. என் மாடுங்களாவது நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கும்போதுதாங்க ஊசி போடணும்!"

"நல்லா இருக்கறதுக்கு ஊசி எதுக்கு?"

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சேதுபதி பிடிவாதக்காரர்தான். ஆனால் இளகிய மனசு. வேன் கண்ணுக்கு மறைந்ததும் நேரே பரமசிவத்திடம் வந்தார்.

"அண்ணே, இந்தக் கொட்டகைக்கு ராசி போயிடுச்சு. மின்னியை என்கிட்ட விடுங்க. என் மாடுங்களோட நின்னு அதாவது பிழைக்கட்டும்."

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மின்னியின் கயிற்றை அவிழ்த்து நீட்டினார்.

சிவகாமிக்கும் அனுப்பிவிடத்தான் ஆசையாக இருந்தது. சேதுபதி மாமா கொட்டகையில் நல்ல காற்று வரும். செவலை செத்த இடத்தை மின்னி முகர்ந்து முகர்ந்து கத்த வேண்டியதில்லை. டாக்டர் சொன்னது தப்பாகவும் இருக்கலாமே!

ஆனால் மாமாவின் மாடுகளையும் அவளுக்குத் தெரியும். உதைக்கிற வெள்ளச்சி. சினையாக இருக்கிற சாந்தி. சிவகாமி குறுக்கே பாய்ந்து கயிற்றைப் பிடுங்கினாள். தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மின்னி எங்கேயும் வரமாட்டா, மாமா."

"என்னம்மா இது? அவ பிழைக்க வேணாமா உனக்கு?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியது. "வேணும் மாமா. ஆனா அவகூட நோயும் உங்க வீட்டுக்கு வந்துட்டா?"

"நல்லாத்தானே துள்ளிக்கிட்டு நிக்கிறா?"

"செவலையும் முந்தாநாள் நல்லாத்தான் நின்னா."

"எழுந்திரு சிவகாமி! பெரியவங்க பேசுறப்போ குறுக்க வராதே!" என்று அப்பா கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. அப்பா சொல்லி அவள் கேட்காதது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டே சொன்னாள்: "ரெண்டு நாள் பொறுங்க மாமா. அவ நல்லா இருந்தா நானே கொண்டு வந்து கட்டறேன்."

"அந்த டாக்டரு பிள்ளை மனசையும் கெடுத்துட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே சேதுபதி போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மின்னி குதியாட்டம் போட்டது. சிவகாமியின் வயிற்றில் முட்டியது. வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. 'நான்தான் முட்டாள். அனுப்பியிருக்கலாம்' என்று சிவகாமி நினைத்துக்கொண்டாள். அப்படி முட்டாளாக இருப்பது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

மறுநாள் காலை மின்னி எழுந்திருக்கவில்லை.

மருந்தைக் கரைத்துக் கொடுத்தார்கள். அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. தொண்டை வீங்கத் தொடங்கியது. சிவகாமி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நேத்தே அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாளா?"

அப்பா அவள் தோளில் கை வைத்தார். மதியத்துக்கு முன்பே மின்னி செத்துப்போனது. சிவகாமி குரல் கம்மிப்போகும்வரை அழுதாள். கொட்டகையில் அசைபோட ஒரு வாய்கூட இல்லை. சாணி அள்ளும் வேலைகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அழுகுரல் கேட்டு சேதுபதி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மின்னியின் வீங்கிய தொண்டையைப் பார்த்தார். தன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் மின்னியைப் பார்த்தார்.

"இது... இந்நேரம் என் மாடுங்களுக்கு நடுவுல..." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டெலிபோன் இருக்கும் காபிக்கடையை நோக்கி ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே விழுந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம், மாடு எதுவும் சாகாத ஒரு வாசலில் அந்த வேன் நின்றது. கம்போங் ஜனங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஊசி உள்ளே போனதும் வெள்ளச்சி விட்ட உதையில் டாக்டர் சாணியில் போய் விழுந்தார்.

"ஐயோ டாக்டர்!" என்று சேதுபதி பதறினார்.

டாக்டர் சிரித்தபடி எழுந்தார். "செத்த மாட்டையே பார்த்துப் பார்த்து, மாடு உதைக்கும்கிறதே மறந்து போச்சுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. தன் பாவாடையிலும் நோய் ஒட்டியிருக்கலாம் என்று, அவள் தன் வாசலைத் தாண்டாமல் நின்றிருந்தாள். வெள்ளச்சி, சாந்தி என்று ஒவ்வொரு மாடாக ஊசி போட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அந்த மாடுகளில் ஒன்றுகூட நோயில் படுக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா சேதுபதியின் பாலைக் கட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போனார். சிவகாமி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தங்கள் காலிக் கொட்டகையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள். வாரக்கணக்கில் அப்படியே செய்தாள்.

ஒருநாள் சேதுபதி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சிவகாமி! சாந்தி கன்னு போட்டிருக்கா! பொட்டைக் கன்னு! நீதான் பேரு வைக்கணும். வேற யாருக்கும் அந்த உரிமை இல்ல!"

சிவகாமி இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ஊசி போட்டாச்சா, மாமா?"

"பொறந்து இன்னும் ஈரமே காயல! கொஞ்சம் வளர்ந்தப்புறம்தான் போடுவாராம்."

"அப்போ, போட்டப்புறம் பேரு வைக்கிறேன்."

சேதுபதி தலையைச் சொறிந்தார். "அதுவரைக்கும் என்னன்னு கூப்பிடறது?"

"ஏய்னு கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அந்தக் கன்றை எல்லோரும் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். சிவகாமியும் அப்படித்தான் கூப்பிட்டாள். தினமும் ஒரு பிடி இளம்புல்லோடு படலோரம் வந்து நின்று, யாருக்கும் கேட்காதபடி மெதுவாக 'ஏய்' என்று கூப்பிடுவாள். அது எந்த மூலையில் நின்றாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடும்.