ஏழாம் பலகை

முதல் நாள் மாலை பூசிய எண்ணெயைக் காணவில்லை. பழைய மோட்டார் வண்டியின் பின்தளத்தில் பாவியிருந்த ஒன்பது பலகைகளில் மற்றவையெல்லாம் மினுமினுத்துக்கொண்டிருக்க, ஏழாவது மட்டும் யாருடைய கையும் படாதது போல வெளிறி வறண்டு கிடந்தது. நெல்லையப்பன் விரலால் தடவிப் பார்த்தார். பிசுபிசுப்பு இல்லை. மறந்து விட்டுவிட்டோமோ என்று இன்னொரு பூச்சு பூசினார். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் அதுவும் போயிருந்தது.

"பழைய தேக்கு அல்லே மேஸ்திரி, குடிக்கும்" என்றான் பட்டறை முதலாளி ராகேஷ், மலையாளம் கலந்த தமிழில். "ஓணத்துக்கு முன்ன வண்டி வேணும்னு பார்ட்டி சொல்லியாச்சு. நோக்கிச் செய்யுங்க, கேட்டோ."

கழக்கூட்டம் பைபாஸை ஒட்டிய அந்தப் பட்டறைக்கு வண்டி வந்து ஒரு மாதமாகிறது. முன்பக்கம் மட்டும்தான் தகரம். அதற்குப் பின்னால் கதவு, ஜன்னல் சட்டம், பக்கச்சுவர் எல்லாமே மரம். பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கொட்டகையில் நாற்பது வருஷமாகக் கோழி அடையும் கூடாகக் கிடந்ததை, ரிசார்ட் நடத்தும் ஹரிநாராயணன் விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். லாரியிலிருந்து இறக்கிய அன்றே நெல்லையப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அவர் பிறந்தது அந்த எஸ்டேட்டின் கூலிக்காரர் லயத்தில்தான். லயத்துச் சனங்கள் அதை மரவண்டி என்பார்கள். துரைமார் ஏறிச் சலித்தபின் அது சீக்காளிகளை மலையிறக்கும் வண்டியானது. படுத்தபடி அதில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்.

ஒன்பது வயதில் அவரும் ஒருமுறை அதில் ஏறியிருக்கிறார். தங்கை இசக்கிசெல்விக்குக் காய்ச்சல். அவளுக்கு ஐந்து வயது. தொட்டிலில் இன்னொன்று கிடந்ததால் அம்மா கோமதியம்மாள் அவரைத்தான் துணைக்கு ஏற்றிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது செல்வி உயிரோடு இல்லை.

அம்மா போன வருஷம் சாகும்வரை அந்த ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போற வழியில பிள்ள ஏதாச்சும் கேட்டாளாடா?"

"இல்லம்மா. உறங்கிட்டேதான் வந்தா."

ஐம்பது வருஷமாக அதே பதில்.

மத்தியானம் ராகேஷ் பித்தளைத் திருகாணி வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனான். அவன் பைக் சத்தம் மறைந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழை பைபாஸ் லாரிகளின் இரைச்சலையும் விழுங்க, தின்னரும் நனைந்த மரத்தூளும் கலந்த வாசனை பட்டறைக்குள் கனத்து நிற்க, பகலே மங்கிச் சாம்பல் நிறமானது. நெல்லையப்பன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வண்டிக்குள் ஏறினார். மண்டி போட்டு ஏழாம் பலகையில் கையை வைத்தார்.

சுட்டது.

பக்கத்துப் பலகையைத் தொட்டார். மழை ஈரத்தில் சில்லென்றிருந்தது. மறுபடி ஏழாவது. வெயில் பட்ட சூடல்ல. உப்புத்தாள் தேய்த்த சூடுமல்ல. அந்தச் சூடு அவர் உள்ளங்கைக்குத் தெரிந்த சூடு. அன்று மலையிறங்கும் வழியெல்லாம் தங்கையின் நெற்றியில் வைத்திருந்த கை இது.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே அவள் கேட்டாள். "அண்ணா, தண்ணி."

டிரைவர் முசுடு. நிறுத்தச் சொன்னால் அடிப்பானோ என்று அவருக்குப் பயம். "சும்மா கெட" என்றார். கல்லாற்றுப் பாலத்தில் தண்ணீர் விழும் சத்தம் உள்ளேயே கேட்டது. அவள் மறுபடி கேட்டாள். விதுரை தாண்டும்வரை கேட்டாள். அப்புறம் குரல் எழும்பாமல் பலகையை நகத்தால் சுரண்டினாள். நெடுமங்காட்டுக்குப் பிறகு அதுவும் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

மனைவி பிரேமா பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிடும் இளஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது. மூடியில் ஊற்றிப் பலகை மேல் சாய்த்தார். பரவவில்லை. ஒழுகவில்லை. விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது.

மறுபடி ஏறினார். உள்ளங்கையில் ஊற்றிப் பலகையோடு சேர்த்து வைத்தார். கைக்கு அடியில் ஏதோ அசைந்தது. சொரசொரப்பாக. சின்னதாக. கன்றுக்குட்டி கையை நக்குவது போல. இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

"குடிம்மா" என்றார். "அண்ணன் இருக்கேன். குடி."

மழைக்கு நடுவிலும் அந்தச் சத்தம் கேட்டது. மூச்சு விடாமல் குடிக்கும் பிள்ளையின் தொண்டைச் சத்தம். ஊற்ற ஊற்ற இறங்கியது.

"கேட்டாம்மா" என்றார், இல்லாத தாயிடம். "வழியெல்லாம் கேட்டா. நாந்தான் குடுக்கல."

சூடு மெல்ல இறங்கியது. பலகை குளிர்ந்தது. உறங்கிவிட்ட பிள்ளையின் நெற்றி போல. நெல்லையப்பன் அதன் மேல் கன்னத்தை வைத்து அழுதார். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி அழுததில்லை.

அப்போது முழங்காலுக்கு அடியில் சுட்டது.

எட்டாம் பலகை.

பிறகு ஆறாவது.

எழப் போனார். காற்றுக்குப் பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பாலிஷுக்காகக் கழற்றிய எல்லாக் கதவுகளின் உள்கைப்பிடிகளும் வெளியே மேசையில் இருந்தன. கதவில் கை வைத்தார். கதவும் சுட்டது. பக்கச்சுவர் சுட்டது. கூரைச் சட்டம் சுட்டது.

"ராகேஷே!"

மழை.

சுவருக்குள் யாரோ இருமினார்கள். வயசான இருமல். கூரைப்பக்கம் ஒரு பொம்பிளை முனகினாள். அவருக்குத் தெரிந்த லயத்துப் பேச்சு.

"தம்பி. ஒரு வாய்."

"எனக்கும் ராசா."

பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். காலி. வெளியே ஊரே முங்கும் மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

வார்னிஷ் உரித்த மரத்தில் ரேகைகள் அசைந்தன. ஒன்று பிளந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வெடித்து, தோல் உரிந்து, ஓரத்தில் வெள்ளை பூத்த உதடுகள். தரையில். சுவரில். தலைக்கு மேல். சின்னவையும் பெரியவையும். எல்லாம் மெல்லத் திறந்து அவர் பக்கம் திரும்பின.

அவர் கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கியது. ஜன்னல் சட்டத்தில் சாய்ந்த கன்னத்தில் ஓர் உதடு ஒட்டிக்கொண்டு அதைக் குடித்தது. குடித்த பிறகும் விடவில்லை.