ஒற்றைக் கூப்பாடு

சித்தேரி மலையின் சுகாதார நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. நான் வந்த ஜீப்புக்குப் பின்னாலேயே மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. வந்த வேலை என்னவோ சில்லறை வேலைதான். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, நான்கு துளை வைத்த நெட்வொர்க் சுவிட்ச், துளைக்கு ஒரு குட்டி விளக்கு. முதல் துளையில் டவரிலிருந்து வரும் கேபிள், இரண்டாவதில் பிரசவ அறையின் கேமராவும் ஸ்பீக்கரும். டவுனில் இருக்கும் டாக்டர் அதன் வழியாகத்தான் பார்ப்பார், பேசுவார். பெட்டியை இயக்கும் டிரைவர் நிரலில் ஏதோ கோளாறு, இணைப்பு நிற்பதே இல்லை. அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

வாசலில் கரியன் என்பவர் பிறந்து ஒரு மணி நேரமான குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பிரசவ அறைத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி பாஞ்சாலி.

"ரத்தம் நிக்க மாட்டேங்குது சார்," என்றார் நர்ஸ் கோகிலவாணி. "ஆம்புலன்சும் ஏற முடியாது. டாக்டரைப் புடிச்சுக் குடுங்க, வேற ஒண்ணும் வேணாம்."

சில்லறை வேலை என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

லேப்டாப்பை மூன்றாம் துளையில் செருகி நிரலைப் படித்தேன். கேபிளில் சமிக்ஞை அடுத்தடுத்து மூன்று முறை வந்தால்தான் இணைப்பைத் திறக்கும்படி எழுதியிருந்தது. பொய்ச் சமிக்ஞையில் ஏமாறாமல் இருக்க எல்லோரும் வைக்கிற காப்புதான். ஆனால் ஈரத்தில் நைந்த கேபிள் இரண்டு முறைக்கு மேல் தாங்கவில்லை. மூன்றை ஒன்றாக்கிப் பெட்டியை மறுபடி இயக்கினேன்.

விளக்கு எரிந்தது.

நான்காம் துளையில்.

அதில் கேபிளே கிடையாது. விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம். புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை வந்தது.

பிரசவ அறை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"பாஞ்சாலி."

"ஆங்," என்றாள் பாஞ்சாலி.

கரியன் அலறினார். "ஏன்னு கேக்காதடி, பதில் குடுக்காத!"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒத்தக் கூப்பாட்டுக்கு ஏன்னு கேக்கப்படாதுங்க சார். மனுசங்கன்னா மூணு தரம் கூப்புடுவாங்க. அதுங்களுக்கு ஒரு தரத்துக்கு மேல கூப்புடத் தெரியாது."

"யாருங்க அது?"

"அவ அக்கா தங்கம்மாளுங்க. போன வருசம் இதே கட்டில்ல, பிரசவத்துல போயிட்டா..."

"சார், நாடி எறங்குது!" என்று உள்ளிருந்து நர்ஸ் கத்தினார்.

நான்காம் துளையை நிரலில் அடைத்தேன். விளக்கு அணையவில்லை. பழையபடி ஒன்றை மூன்றாக்கினேன். அவசரத்தில் எழுத்துப் பிழை, நிரல் ஏறவில்லை. மறுபடியும் பிழை. கடவுளே, ஒரே ஒரு எண்ணை மாற்ற இவ்வளவு நேரமா? கடைசியில் ஏறியது. நான்காவது விளக்கு அணைந்தது.

"கேபிளைப் புடிங்கண்ணா. அழுத்தி, அசையாம," என்றேன்.

கரியன் ஒரு கையில் குழந்தை, மறு கையில் கேபிளோடு மூச்சை அடக்கி நின்றார். முதல் துளையின் விளக்கு ஒருமுறை மினுக்கியது. இன்னொரு முறை. மூன்றாம் முறை நின்று எரிந்தது.

டாக்டரின் குரல் வந்தது. எங்கே அழுத்த வேண்டும், எந்த ஊசி போட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல கோகிலவாணி செய்தார். நெடுநேரம் கழித்து, "ரத்தம் நின்னுடுச்சு" என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டர் விடைபெற்றதும், எதற்கும் இருக்கட்டும் என்று கேபிள்களையெல்லாம் பிடுங்கி, மின்சாரத்தையும் நிறுத்தினேன்.

"பாஞ்சாலி."

செத்த ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது.

இந்த முறை பாஞ்சாலி பதில் சொல்லவில்லை. "பயப்படாதீங்க சார், ஒரு தரந்தான்," என்று கரியன் கிசுகிசுத்தார். "போயிரும்."

"பாஞ்சாலி."

கரியன் என்னைப் பார்த்தார். இருவரும் திரையை நோக்கி ஓடினோம்.

"பாஞ்சாலி."

உள்ளே அவள், பயமே இல்லாத களைத்த குரலில் பதில் சொன்னாள்.

"இதோ வரேன்க்கா."