யாரும் கேட்காத சாவி

அம்மாவின் வேனுக்குள் எப்போதும் ஒரே கூச்சலாக இருக்கும். கீச், கீச், கீச் என்று காதைத் துளைத்து எடுத்துவிடும். அத்தனையும் அன்று காலையில்தான் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கோழிக்குஞ்சுகள்.

குஞ்சு பொரிக்கும் இடத்தில் அவற்றை அட்டைப்பெட்டிகளோடு ஏற்றி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோழிப்பண்ணையில் இறக்குவதுதான் அம்மாவின் வேலை. பள்ளி விடுமுறை நாட்களில் கொக்கியும் கூடப் போவாள்.

கொக்கி என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். "கேள்விக்குறியைப் பாரு, கொக்கி மாதிரியே இருக்கும். இவளும் ஒரு கேள்வியை மாட்டிவிட்டான்னா, பதில் வர்ற வரைக்கும் இழுத்துட்டேதான் இருப்பா" என்று அப்பா சொல்வார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அன்றைக்கு வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. அம்மா அடிக்கடி வானத்தைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு வேகமா போற?"

"வேகமா எங்க போறேன்? போன தடவை வழியில வண்டி நின்னு போச்சுல்ல? கொஞ்சம் குஞ்சு துவண்டு போய்த்தான் வந்து சேர்ந்துச்சு. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேன்னு பண்ணைக்காரர் சொல்லிட்டாரு."

"வேற வண்டி பாத்தா நம்ம வண்டிக்கு?"

"வேலை இருக்காது" என்றார் அம்மா.

கொக்கி திரும்பிப் பார்த்தாள். பெட்டிகளுக்கு மேலே இரண்டு மின்விசிறிகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. வேனின் சாவி திருகியபடி இருந்தால்தான் அவை சுற்றும். சாவியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். அவை சுற்றும் வரை குஞ்சுகளுக்குக் கவலை இல்லை.

நாற்சந்திக்கு வந்தபோது 'பீ...ப்' என்று ஒரு விசில் சத்தம்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். அம்மா வேனை ஓரமாக நிறுத்தினார். காவலருக்கு இளம் வயது. சட்டை புதுசு, தொப்பி புதுசு, விசில்கூடப் புதுசாகப் பளபளத்தது. கால்சட்டைப் பை மட்டும் பலாக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. அவர் நடக்கும்போது அது 'ஜல் ஜல்' என்று சத்தம் போட்டது.

"அம்மா, உங்க வண்டியில பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியலை. பிரேக் போட்டா பின்னால வர்றவங்களுக்குச் சரியாத் தெரியாது" என்றார் காவலர்.

அம்மா அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், சட்டென்று வண்டியை அணைத்தார். சாவியை உருவினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். காவலர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜல்!

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று அடுத்த வண்டியை நிறுத்தப் போனார்.

வேனுக்குள் மின்விசிறிகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன.

கொக்கிக்கு முதல் கேள்வி அப்போதே மாட்டிக்கொண்டது.

"அம்மா, எதுக்குச் சாவியக் குடுத்த?"

"கேப்பாங்க."

"அவர் கேக்கவே இல்லையே! விளக்கு எரியலைன்னு மட்டும்தான் சொன்னாரு."

"நீ சும்மா இரு கண்ணு. போலீஸ் நிறுத்தினா சாவியக் குடுத்துடணும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

வீட்டில் அம்மா ஒரு சத்தம் போட்டால் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து உட்காரும். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் மட்டும் அம்மாவுக்குக் குரலே வராது.

கொக்கி எட்டிப் பார்த்தாள். அம்மா சொன்னது உண்மைதான். விசில் ஊதினார் காவலர். ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் நின்றார், சாவியை நீட்டினார். ஜல்! சலவைக்கடை வண்டி நின்றது, ஓட்டுநர் ஓடியே வந்து சாவியை நீட்டினார். ஜல்! தலைக்கவசம் போடாத ஓர் ஆள் நீட்டினார். ஜல்! யாருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது ஒரு பெரிய பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓரமாக நின்ற நீலக் கார் அதற்கு வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"சார், காரைக் கொஞ்சம் முன்னால எடுங்க!" என்று காவலர் கத்தினார்.

"எப்படி சார் எடுக்கறது? சாவி உங்ககிட்ட இருக்கே!" என்று கார்க்காரரும் கத்தினார்.

காவலர் பைக்குள் கையை விட்டார். கை நிறையச் சாவிகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இதா? இல்லையா? இதா?" பேருந்து மறுபடியும் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. லாரிக்குப் பின்னால் இன்னொரு பேருந்து. வழியைச் சரிசெய்ய வந்தவராலேயே வழி அடைத்துப் போயிருந்தது.

கொக்கிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேனுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. குஞ்சுகளின் கூச்சல் மாறியிருந்தது. காலையில் விளையாட்டாகக் கத்தியவை, இப்போது அழுவதைப்போலக் கத்தின.

கொக்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. மேல்பெட்டியில் ஒரு குஞ்சு, வாயைத் திறந்தபடி, சிறகை விரித்துப் படுத்திருந்தது.

"அம்மா! இங்க வந்து பாரேன்!"

அம்மா வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓர் அட்டையை எடுத்து வேகவேகமாக விசிறினார். "அவர் கூப்பிடட்டும், சொல்லிக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"அதுக்குள்ள இதுங்க செத்துப் போயிடும்மா. நான் போய்க் கேக்கறேன்."

"வேண்டாம்டி! போலீஸ்கிட்ட போய்க் கேள்வி கேட்டுட்டு நிக்கப் போறியா?"

"சண்டையா போடப் போறேன்? சந்தேகம்தானே கேக்கப் போறேன்!"

அம்மா அந்தக் குஞ்சைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். பிறகு கொக்கியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தானும் கூடவே நடந்தார்.

காவலர் இன்னும் சாவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் கொக்கி.

"அப்புறம் கேளு பாப்பா."

"சின்ன சந்தேகம்தான் சார். எதுக்கு எல்லார்கிட்டயும் சாவி வாங்கறீங்க?"

காவலர் நிமிர்ந்தார். "நான் எங்க வாங்கறேன்? அவங்கதான் குடுக்கறாங்க!"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க கேப்பீங்கன்னுதானே சார் நாங்க குடுக்கறோம்!" என்றார் ஸ்கூட்டர்க்காரர்.

"நான் ஒருத்தர்கிட்டகூடக் கேக்கலையே! நான் இங்க வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. முதல் நாளே ஒருத்தரை நிறுத்தினேன், சாவிய நீட்டினாரு. அடுத்தவரும் நீட்டினாரு. சரி, இந்த ஊர் வழக்கம் போலன்னு வாங்கிக்கிட்டேன். வாங்கலைன்னா மரியாதையா இருக்காதேன்னு நினைச்சேன்!"

அம்மாவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. "உங்களுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தாரு சார். வண்டிய நிறுத்தினதுமே ஜன்னல் வழியா கைய விட்டுச் சாவியப் பிடுங்கிடுவாரு. ஒரு தடவை என் விரல்ல கீறி ரத்தமே வந்துடுச்சு. அதான், பிடுங்கறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடலாம்னு..."

"எனக்கும் அப்படித்தான்!" என்றார் சலவைக்கடைக்காரர்.

"அவர் மாற்றலாகிப் போயிட்டாரே!" என்றார் காவலர்.

"அவர் போயிட்டாரு சார். பழக்கம் போகலை" என்றார் அம்மா.

கொக்கி விடவில்லை. "சரி சார், அவர் பிடுங்கினாரே, அப்படிப் பிடுங்கலாமா? உங்களுக்கு வேலை சொல்லிக்குடுக்கும்போது சாவி எடுக்கலாம்னு சொன்னாங்களா?"

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வண்டிய நிறுத்தலாம்னு சொன்னாங்க. லைசென்ஸ் பாக்கலாம்னு சொன்னாங்க. தப்பு இருந்தா அபராதம் எழுதி ரசீது குடுக்கணும்னு சொன்னாங்க. சாவி..." அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "சாவியப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே!"

"யார்கிட்டயாவது கேக்கலாமா சார்? சீக்கிரம் கேளுங்க. எங்க வேன்ல கோழிக்குஞ்சு இருக்கு. சாவி இல்லைன்னா ஃபேன் ஓடாது. ஒரு குஞ்சு இப்பவே படுத்துடுச்சு."

"அடடா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" காவலர் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்தார். "ஐயா, நாற்சந்தியிலருந்து பேசறேன். வண்டிக்காரங்க சாவிய நாம வாங்கி வெச்சுக்கலாமா ஐயா?"

வாக்கி-டாக்கி கரகரத்தது. பிறகு மேலதிகாரியின் குரல் தெரு முழுக்கக் கேட்கும்படி வெடித்தது.

"சாவியா? யாருய்யா உன்னைச் சாவி வாங்கச் சொன்னது? அதுக்கு நமக்கு அதிகாரமே கிடையாது!"

"அவங்களே குடுத்தாலும்?" என்று கொக்கி மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

"ஐயா, அவங்களே குடுத்தாலும்?"

"அவங்க வீட்டுச் சாவியைக்கூடத்தான் குடுப்பாங்க, வாங்கிப்பியா? உன் வேலை வண்டிங்களுக்கு வழிவிடறது. சாவியெல்லாம் உன் பையில இருந்தா வண்டி எப்படிய்யா நகரும்? உடனே திருப்பிக் குடு!"

அடுத்த நொடி எல்லாரும் ஒரே நேரத்தில் காவலர்மேல் பாய்ந்தார்கள். "என் சாவி! சார், என் சாவி!" பத்துக் கைகள் நீண்டன. காவலர் சாவிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"இருங்க, இருங்க! மாத்திக் குடுத்துட்டா என் தலை உருளும்!"

"சார், சாவிங்கள மூடி வெச்சுக்கங்க" என்றாள் கொக்கி. "சாவியில என்ன தொங்குதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லட்டும். சரியா சொன்னா குடுங்க."

காவலருக்கு அது பிடித்துவிட்டது. தொப்பிக்குள் எல்லாச் சாவிகளையும் கொட்டி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடினார். "முதல்ல கோழிக்குஞ்சு வண்டி! என்ன தொங்குது?"

"பச்சைக் கம்பளி நூல்ல செஞ்ச ஒரு பந்து. நான்தான் செஞ்சேன். ஆனா இப்ப பந்து மாதிரி இருக்காது" என்றாள் கொக்கி.

காவலர் கைக்குட்டைக்கு அடியில் துழாவினார். நசுங்கிப்போன வெண்டைக்காயைப் போன்ற ஒன்று வெளியே வந்தது. அம்மா அதைப் பறித்துக்கொண்டு ஓடினார். வேன் உறுமியது. மின்விசிறிகள் கடகடவென்று சுற்றத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கொக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து நீலக் கார்க்காரர் வந்தார். பெரிய மீசை, பெரிய உடம்பு. அவர் காவலரின் காதோடு காதாக எதையோ சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க சார், கேக்கலை!"

"ரோஸ் கலர் முயல்" என்றார் மீசைக்காரர். "என் பொண்ணு குடுத்தது."

யாரும் சிரிக்கவில்லை. சலவைக்கடைக்காரர் மட்டும் பெரிதாக இருமினார். கார் நகர்ந்தது. பேருந்து நகர்ந்தது. லாரியும் நகர்ந்தது.

தொப்பி காலியானதும் காவலர் வேனிடம் வந்தார். கொஞ்சம் தயங்கினார். "விளக்கு எரியாதது தப்புதாம்மா. அதுக்கு அபராதம் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். அது என் தப்பு, நான் சரிபண்ணியிருக்கணும்" என்றார் அம்மா. காவலர் பணத்தை வாங்கிக்கொண்டு நகரப்போனபோது, அம்மாவின் கை ஜன்னல் வழியாக நீண்டது. இந்த முறை அதில் சாவி இல்லை.

"ரசீது குடுங்க சார்."

அம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை. கொக்கி ஆச்சரியத்தோடு அம்மாவைப் பார்த்தாள். காவலர் நாக்கைக் கடித்துக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

பண்ணைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். கொக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து படுத்திருந்த குஞ்சு இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீரைக் காட்டியதும் அலகை நனைத்து, தலையைத் தூக்கி விழுங்கியது. பக்கத்திலிருந்த குஞ்சை ஒரு கொத்துக் கொத்தியது.

"சண்டை போடுது. அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார் பண்ணைக்காரர். "அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வந்துடுங்கம்மா."

திரும்பும் வழியில், முதல் வேலையாக மெக்கானிக் கடையில் புது விளக்கு மாட்டினார்கள். கொக்கி பின்னால் நின்று, அம்மா பிரேக்கை மிதிக்க மிதிக்க, "எரியுது! எரியுது!" என்று கத்தினாள்.

நாற்சந்தி வந்தது. 'பீ...ப்!'

அதே காவலர். கையைக் காட்டினார். அம்மா ஓரமாக நிறுத்தினார். அம்மாவின் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது. பாதி வழியிலேயே நின்றது. பிறகு இரண்டு கைகளையும் எடுத்து ஸ்டீயரிங்கின்மேல் வைத்துக்கொண்டார்.

"என்ன சார்? இப்ப எல்லா விளக்கும் எரியுதே!"

"விளக்குக்கு இல்லம்மா" காவலர் குனிந்து ஜன்னல் வழியாகக் கொக்கியைப் பார்த்தார். "பாப்பா, அந்தக் குஞ்சு எப்படி இருக்கு?"

கொக்கி புருவத்தைத் தூக்கினாள். "இதைக் கேக்கறதுக்கா வண்டிய நிறுத்தினீங்க? அதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கா சார்?"

காவலர் திருதிருவென்று விழித்தார். கை தானாக வாக்கி-டாக்கியைத் தேடியது.

"ஐயோ, அவர்கிட்ட கேக்காதீங்க சார்!" கொக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்கு. சண்டைகூடப் போடுது!"

காவலரும் சிரித்துவிட்டார். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அவர் சட்டென்று நிமிர்ந்து, கையை வீசி, "போங்க, போங்க" என்று வழிவிட்டார்.

பச்சைக் கம்பளி வெண்டைக்காய் சாவியோடு ஆடிக்கொண்டிருந்தது. அம்மா வேனை எடுத்தார்.