பாகீரதியம்மாவின் குரல்

மூன்று நாளாகச் சரோஜத்தின் பேச்சு அவள் வாய்க்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

முதலில் கவனித்தது காலைக் காப்பி நேரத்தில். அடுப்பருகே நின்ற வேலைக்காரி ஷிஜாவிடம், "சீனி கொறச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு உதட்டை மூடினாள். மூடிய பிறகுதான் அந்தப் "போடு" காதில் விழுந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். ஷிஜா திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவைத் திறந்தாள். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று சரோஜம் நினைத்தாள். மறுநாள் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சிரித்தார். "ஒரு கொழப்பமும் இல்ல, பாகீரதியம்மே."

சரோஜம் நடிக்கும் மலையாளச் சீரியலை அவரும் பார்ப்பவர்தான்.

பதினொரு வருடமாகச் சாயந்திரம் ஏழு மணிக்கு ஊரே பார்க்கும் மங்கலத்து வீட்டுப் பாகீரதியம்மா. ரப்பர் தோட்டங்களுக்கும் மூன்று மருமகள்களுக்கும் எஜமானி. தங்கக்கரை போட்ட கசவு முண்டும் கழுத்து நிறைந்த காசுமாலையுமாக மாடிப்படியில் நின்று அவள் ஒரு சொல் சொன்னால் கீழே நிற்கிற எல்லோருக்கும் முகம் வெளுக்கும். அந்தச் சொல்லுக்கு அத்தனை பலம் அதன் குரலால் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல் ஆழமாக, அடியில் லேசாகக் கரகரத்துக்கொண்டு வரும் குரல்.

அது சரோஜத்தின் குரல் அல்ல. அவள் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரி. திருவனந்தபுரத்தில் மணக்காட்டுக்குக் கல்யாணமாகி வந்து நாற்பது வருடமாகியும் அவள் மலையாளத்திலிருந்து தமிழ் போகவில்லை. முதல் நாள் படப்பிடிப்பில் அவள் வசனம் பேசியபோது விளக்குப் பிடித்தவர் வரைக்கும் சிரித்தார்கள். முகம் சரோஜத்தினுடையது, குரல் வேறொருத்தியுடையது என்று அன்றைக்கே முடிவானது.

அந்த வேறொருத்தி எலிசாள். பாறசாலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து டப்பிங் ஸ்டுடியோவுக்கு வருவாள். தொண்டைக்கு நல்லது என்று கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். சரோஜத்தின் உதடு திரையில் அசைவதைப் பார்த்து, அதில் ஒரு மயிரிழை பிசகாமல் தன் சத்தத்தைக் கொண்டுபோய் வைப்பாள்.

சரோஜம் வெளியிடங்களில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாலைக் கம்போளத்தில் காய்கறியை விரலால் சுட்டி வாங்குவாள். கிழக்கேகோட்டையில் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்தால் புன்னகை மட்டும். பெரிய வீட்டு அம்மா அளந்துதான் பேசுவாள் என்று ஜனங்கள் அதையும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

போன வருடம் இரண்டாயிரத்து ஐந்நூறாவது எபிசோடுக்கு விழா எடுத்தார்கள். மேடையில் தொகுப்பாளினி மைக்கை நீட்டிக் கேட்டாள், "அம்மே, இந்தச் சத்தம் சொந்தம்தானா?" அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. மூன்றாவது வரிசையில் எலிசாள், மடிப்புக் கலையாத புதுச் சேலையில். சரோஜம் வாயைத் திறக்கவில்லை. தன் தொண்டையை விரலால் தொட்டுக் காட்டி, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எலிசாளும் எழுந்து நின்று தட்டினாள்.

கார் நிற்குமிடத்தில் எலிசாள் வந்து நின்றாள்.

"அக்கா, எம் பேரச் சொல்லாட்டாலும் போட்டு. தலைய ஆட்டாம இருந்திருக்கலாம்லா?"

"சத்தத்துக்கு மொகம் உண்டா எலிசா? பேசாம வீட்டுக்குப் போ."

மறுநாள் தயாரிப்பாளர் பத்மகுமாருக்குப் போன் செய்து வேறு குரல் பார்க்கச் சொன்னதும் சரோஜம்தான். புதுக் குரல் யாருக்கும் பிடிக்கவில்லை. திரும்பக் கூப்பிடலாம் என்று தேடியபோது கட்டிக்காக எலிசாளின் தொண்டையில் டாக்டர்கள் கத்தி வைத்தாகிவிட்டது. போன மாதம் இறந்துபோனாள். படப்பிடிப்பு இருக்கிறது, அடக்கத்துக்கு வர முடியாது என்று சரோஜம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்குப் படப்பிடிப்பே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஓட்டுமேல் விழுந்து, தாழ்வாரத் தகரத்தில் தாளம்போட்டு, முற்றத்து வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டு ஓயாமல் பெய்தது. சுவர்களெல்லாம் ஈரத்தில் இருண்டு, மடித்து வைத்த துணிகளிலிருந்து பூசண வாடை எழுந்து வந்தது. சாரல் உள்ளே அடித்ததால், "ஷிஜா, அந்த ஜன்னலச் சாத்து" என்றாள் சரோஜம்.

ஷிஜா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, டிவி வெச்சிருக்கா? பழைய பாகீரதியம்மா சத்தம் கேட்டுதே."

டிவி அணைந்திருந்தது. ஷிஜா அதைப் பார்த்தாள், சரோஜத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தாமலே குடையை எடுத்துக்கொண்டு, "நான் நாளைக்கு வரேம்மா" என்று நேரத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனாள்.

சரோஜம் தொண்டையில் மூன்று விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "முருகா" என்றாள்.

விரலுக்கடியில் ஒரு துடிப்பும் இல்லை. கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. ஆனால் "முருகா" கேட்டது. கிணற்றாழத்திலிருந்து, கரகரப்போடு. நாக்கில் லேசான உறைப்பு பரவியது. கிராம்பு.

அவள் கிராம்பு எதுவும் தின்றிருக்கவில்லை.

அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தரை மணிக்கு வாசல் மணி அடித்தபோது திரைச்சீலைக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். மணி மறுபடி அடித்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"ஆன்ட்டி, உள்ள இருக்கது தெரியுது. நான் எலிசாளுக்க மவ. ரெம்யா."

ஒளிந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள் என்கிற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரோஜம் கதவைத் திறந்தாள்.

இருபத்தைந்து வயதிருக்கும். முழுக்க நனைந்து, நீர் சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். சரோஜம் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே உட்காரும்படி கையைக் காட்டினாள். பெண் நின்றுகொண்டே பேசினாள்.

"ஆப்பரேஷன் கழிஞ்சு அம்மாவுக்குச் சத்தமே வரல ஆன்ட்டி. ஏழு மணியானா டிவி முன்னால இருந்து, ஒங்க வாயப் பாத்து வாயசைப்பாங்க. நாலு மாசமும் அப்பிடித்தான்."

சரோஜம் தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட அம்மாவுக்க சத்தம் ஒண்ணும் இல்ல. போன்ல ஒண்ணும் எடுத்து வெக்கல. சீரியல்ல உள்ளது எல்லாம் பாகீரதியம்மா பேசுகது. என்னைய மக்களேன்னு கூப்பிட்டது ஒண்ணுகூட இல்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழம எங்க சபையில அம்மாவுக்கு ஒரு ஜெபம் உண்டு. நீங்க வந்து, அது எலிசாளுக்க சத்தம்தான்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான் ஆன்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரோஜத்துக்குக் காது மடல் இரண்டும் தீயாகச் சுட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்தப் பெண் கெஞ்சினாள். சபையில், அத்தனை பேர் முன்னால், மேடையில் தலையாட்டிய அதே முகத்தோடு எழுந்து நிற்பதைச் சரோஜம் நினைத்துப் பார்த்தாள். முடியாது. பேச வேண்டாம் என்று வைத்திருந்த உறுதி அந்த வெட்கத்தில் நழுவியது. பழைய பொய்யே தானாக நாக்கில் வந்து நின்றது.

ஞாயித்துக்கிழம எனக்கு ஷூட்டிங் இருக்கு.

உதடு அந்த வாக்கியத்தை முழுதாக அசைத்து முடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும். ரெம்யா புரியாமல் பார்த்தாள். ஒரு கணம். இரண்டு கணம்.

"மக்களே."

குடை தரையில் விழுந்தது.

"நனஞ்சிட்டியே மக்களே. தலையத் தொவட்டு. சளி பிடிக்கும்."

சரோஜம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் உதடுதான் அசைந்தது. வார்த்தைக்கு வார்த்தை. பிசகாமல். தாமதம் போய்விட்டிருந்தது.

ரெம்யாவின் முகத்தில் பயம் இல்லை. சரோஜம் அதைத் தேடினாள். பயந்து ஓடிவிடு, போய் யாரையாவது கூட்டி வா என்று கண்ணால் மன்றாடினாள். பெண் மெல்ல மெல்ல முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா?"

"இங்கதான் இருக்கேன்."

சரோஜம் முதல் தடவையாக உண்மையைச் சொல்ல முயன்றாள். நான் பொய் சொன்னேன். அது எலிசாளுக்க சத்தம். எலிசா, என்னைய மன்னிச்சிரு. மார்புக்குள் அந்த வார்த்தைகள் முட்டின. கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது வேறொருத்தியின் சொற்களுக்காக மடிந்து, நிமிர்ந்து, பல்லைத் தொட்டு, வேலை செய்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டியா? அப்பா மருந்து குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா. சாப்பிட்டேம்மா." ரெம்யா அழுதுகொண்டே சிரித்தாள். "நிறுத்தாதீங்க. இன்னும் பேசுங்க."

சரோஜம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்தினாள். பல் உதட்டில் பதிந்து இரத்தம் கரித்தது. உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குரல் சற்றும் மங்கவில்லை.

ரெம்யா அருகே நகர்ந்து வந்தாள். குழந்தையின் கையை விலக்குவதுபோல், ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"மூடாதீங்கம்மா."

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துச் சரோஜத்தின் மடியில் வைத்தாள். அந்தக் கைகளின் மேலேயே நனைந்த தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிடி தளரவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

சரோஜத்தின் தாடை மெல்லத் திறந்தது. ஒரு சொல்லுக்குத் தேவையான அளவைத் தாண்டி. இன்னும் கொஞ்சம். நாக்குக்குப் பின்னால், ஆழத்தில், யாரோ வசதியாக உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.