தனி வயர்

காலைச் செபம் முடிந்ததும் பாத்திமா மேரி நேராகக் கடைசி அறைக்குப் போனாள். மருமகள் பெலிசியாவின் இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னம்மா பண்ற?" வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான் மகன் லூர்து பிரகாஷ்.

"குப்ப வண்டி வர்ற நேரம். வீட்டுக்கு ஆவாதத எடுத்து வெக்கிறேன்."

பெலிசியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஸ்பீக்கர்களைப் பார்த்தாள்.

கடலூர் முதுநகரில் அந்த வீட்டுக்கு ஒரு பேர் உண்டு. கணவர் போன பிறகு, துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள் பாத்திமா மேரி. யார் வீட்டுப் படியிலும் உதவி கேட்டு நின்றதில்லை. வீட்டுப் பேச்சு வாசல் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அந்தச் சட்டம் உடைந்துவிட்டது. மகள் வினோதினிக்குச் சிதம்பரத்தில் பேசி முடித்த சம்பந்தம், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அப்பா தேவசகாயம் போன் செய்தார். "நிச்சயத்த நிறுத்திக்குவோம்மா. உங்க பொண்ணு மடத்துல இருந்துட்டு வந்ததுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க..." அதற்குமேல் பேச அவருக்கும் மனமில்லை, கேட்க அவளுக்கும் தெம்பில்லை.

கன்னியாஸ்திரியாகப் போன வினோதினி, இது தனக்கான வாழ்க்கை இல்லையென்று திரும்பி வந்தவள். அது வீட்டில் இருக்கும் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த சேதி. வேலூரில் படிக்கிறாள் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"திங்கக்கெழம சிதம்பரம் எதுக்குப் போன?" பாத்திமா மேரி மருமகளைக் கேட்டாள்.

"ஒரு வேலையா அத்தை."

"அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ்ல, அவுங்க வீட்டு வாசல்ல, ஒனக்கு என்னடி வேல? பாத்தவுங்க சொல்லிட்டாங்க. திங்கக்கெழம நீ போற, செவ்வாக்கெழம போன் வருது. நாத்தனா வாழ்ந்துட்டா ஒனக்கு எங்க வலிக்குது?"

"போனது நெசந்தான் அத்தை."

"கேட்டியாடா? அவ வாயாலயே சொல்லிட்டா."

பிரகாஷ் மனைவியைப் பார்த்தான். "எதுக்குப் போன பெலிசி? எங்கிட்டயாவது சொல்லு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

மருமகள் பார்க்கும் வேலையை ஊரில் விளக்கிச் சொல்ல பாத்திமா மேரிக்கு எப்போதும் கூச்சம். பாடுகிறவர் குரல், தபேலா, கீபோர்டு என்று எல்லாம் தனித்தனியாகப் பதிவாகி வரும். எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஒரே பாட்டாகச் சேர்ப்பதுதான் பெலிசியாவின் தொழில். கல்யாணமான புதிதில், கோயில் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பழைய லேப்டாப்பில் சும்மா செய்துகொடுத்துக் கற்றுக்கொண்டாள். ஒரு பாட்டைச் செய்து, கலைத்து, மறுபடி செய்வாள். ஸ்பீக்கரில் கேட்டது போதாதென்று எதிர்வீட்டு ஆட்டோவில் உட்கார்ந்து, அதில் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். இப்போது புதுச்சேரியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாட்டுகள் வருகின்றன. முதலாளி கிடையாது, கடை கிடையாது. பேர்தான் கடை.

ஆனால் பாத்திமா மேரிக்கு அந்தத் தொழில்மேல் தீராத ஒரு கோபம் இருந்தது. பாடகர் குழுவில் மூத்த குரல் அவளுடையது. போன கிறிஸ்துமஸ் பாட்டுகளில் அந்தக் குரலை மருமகள் அமுக்கிவிட்டாள் என்று நம்பினாள். மாதா திருவிழா அன்றைக்கும் அப்படித்தான். அன்று பூசை இணையத்தில் லைவாக ஓடிக்கொண்டிருந்தது. பெலிசியா கீழே, எல்லா மைக்குகளின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் உட்கார்ந்துகொண்டு, மேல் மாடத்தில் நின்ற மாமியாரைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாள். சாமியார் பிரசங்கம் செய்யும்போதுகூட. பாத்திமா மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒங்க அம்மா வீட்டுக்குப் போ," என்றாள் இப்போது. "எம் பொண்ணுக்கு வழி பொறக்குற வரைக்கும் இங்க ஒனக்கு எடமில்ல."

"அம்மா," என்றான் பிரகாஷ்.

"நீ சும்மா இருடா."

பெலிசியா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மைக் செட்டு மரிய ஜோசப்.

"என்னக்கா, ஸ்பீக்கர் வெயில் காயுது? வடகம் புழியிற சீசனா?" என்று சிரித்துக்கொண்டே ஏறி வந்தவர், முகங்களைப் பார்த்ததும் அடங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "பெலிசியா மேடம் கேட்டாங்க. திருவிழாப் பாட்டு சேக்கறதுக்கு. அக்கா மைக்கு மட்டும் தனியா ரெக்கார்ட் ஆனது."

"தனியாவா?" என்றான் பிரகாஷ்.

"ஆமாங்க. அக்காதான சொன்னாங்க, 'எம் மைக்க அவ மிக்ஸருக்குக் குடுக்காத ஜோசப்பு, நேரா லைவுக்கே தனி வயர் இழுத்துக் குடு, அவ என் சவுண்ட கொறைக்கக் கூடாது'ன்னு. அதான் குடுத்தேன். பாவம் மேடம், பிரசங்கத்தப்ப அத மூட முடியாம தவிச்சிட்டாங்க. வேர்த்து விறுவிறுத்து எங்கிட்ட ஓடியாந்தாங்க. நான் டீக்கடையில நிக்கிறேன். வந்து புடுங்குறதுக்குள்ள..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"புடுங்குறதுக்குள்ள என்ன?" என்றாள் பாத்திமா மேரி.

"ஒண்ணுமில்ல அத்தை," என்று பெலிசியா பென்டிரைவுக்குக் கையை நீட்டினாள். "அண்ணே, நீங்க கெளம்புங்க."

பாத்திமா மேரி அதை முந்திப் பிடுங்கினாள். "போடு. நான் கேக்கணும்."

"வேணாம் அத்தை. தயவுசெஞ்சு வேணாம்."

"போடுறா பிரகாசு."

மருமகளின் நாற்காலியில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தூரத்தில் சாமியாரின் குரல். பக்கத்தில் சேலை உரசும் சத்தம், ஒரு இருமல். பிறகு தன் வாயே தன் காதுக்குள் வந்து பேசுவதுபோல் அவள் குரல்.

"மடத்துல இருந்துட்டு ஓடியாந்தவன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான் குளோரி? மொதல்ல தாலி ஏறட்டும். அப்பறம் அவுங்களால என்ன பண்ண முடியும்?"

பாடகர் குழுத் தோழி குளோரியின் தோளில் சாய்ந்து கிசுகிசுத்தது. யாருக்கும் கேட்காது என்று நினைத்தது. அதற்குத்தான் கீழேயிருந்து அந்தக் கை அப்படி ஆடியதா... மாதாவே.

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் கேட்டுக் கதவோரத்தில் வந்து நின்றிருந்த மகளிடம் நீட்டினாள். வினோதினி கேட்டாள்.

"நான் ஓடியா வந்தேன்?" என்றாள் மெதுவாக. "மடத்து மதர்கிட்ட சொல்லிட்டு, ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்தேன். அது ஒனக்கு அவ்ளோ அசிங்கமாம்மா?"

பாத்திமா மேரி மருமகளைப் பார்த்தாள். "ஊரே கேட்டுருச்சா?"

"அந்த நேரத்துல நெறைய பேர் பாக்கல அத்தை. பூசை முடிஞ்சதும் அந்த எடத்த வெட்டி எடுத்துட்டேன். சம்பந்தி வீட்டுல மட்டும் உக்காந்து பாத்துருக்காங்க, கமெண்ட்டுல அவுங்க பேர் இருந்துச்சு."

"அங்க போயி என்ன சொன்ன?"

பெலிசியா தரையைப் பார்த்தாள். மரிய ஜோசப்தான் தொண்டையைச் செருமினார். "நான்தாங்க பஸ் ஏத்தி உட்டேன். அக்கா மேல கோவப்பட வேணாம், தப்பு தன்னுதுன்னு சொல்லத்தான் போனாங்க. சாமியார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிட்டாங்க, மைக்க மூட மறந்துட்டேன்னு. இனிமே கோயில் வேலைக்கு வேற ஆளப் பாக்கறதா பேச்சு."

அந்தத் தொழிலில் மறந்துவிட்டேன் என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குக்கூட அது தெரியும்.

"ஏண்டி? எங்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?"

"பாடுறவுங்க மூச்சு வாங்குறது, திட்டுறது, அழுவுறது எல்லாம் என் காதுக்கு வரும் அத்தை. எதையும் நான் வெளிய உட்டதில்ல. உங்களது மட்டும் எப்பிடி உடுவேன்?" பெலிசியா வினோதினியை ஒருமுறை பார்த்தாள். "வினோ முன்னாடி நீங்க தல குனியக் கூடாதுன்னு நெனச்சேன்."

பாத்திமா மேரி எழுந்தாள். அழவில்லை. போனை எடுத்து, எல்லோரும் கேட்க, தேவசகாயத்தை அழைத்தாள்.

"அண்ணே, நீங்க கேட்டது என் குரல்தான். மறைச்சது நான். எம் பொண்ணு மேலயும் குத்தமில்ல, எம் மருமவ எந்த மைக்கயும் மூட மறக்கல. அவ மூட முடியாதபடி செஞ்சதே நான்தான். நிச்சயம் நின்னா நிக்கட்டும். இத நான் சொல்லாம இருக்கக் கூடாது."



"மடத்துக்குப் போனது எங்களுக்குக் கொறையே இல்லம்மா," என்றார் தேவசகாயம். "தாலி ஏறுனப்பறம் என்ன பண்ண முடியும்னு கேட்டீங்க பாருங்க, அதான் ஆறல. என் சம்சாரம் ஒரு வா சோறு தின்னல... ஞாயித்துக்கெழம வாங்க, நேர்ல பேசுவோம். அந்தப் பொண்ணயும் கூட்டிட்டு வாங்க. பழி தன்னுதுன்னு நின்னுச்சே."

போனை வைத்தவள் வாசலுக்குப் போனாள். ஸ்பீக்கரைத் தூக்கப்போன பிரகாஷைத் தடுத்து, இரண்டையும் தானே சுமந்து வந்து மேசைமேல் வைத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

"இப்பிடியா, அப்பிடியாடி திருப்பணும்?"

"கொஞ்சம் உள்பக்கமா அத்தை."

திருப்பிக்கொண்டே இருந்தவளின் தோள் குலுங்கியது. பெலிசியா பின்னால் வந்து கட்டிக்கொண்டாள். வினோதினி கதவோரத்திலேயே நின்றாள். அவளுக்கு இன்னும் நேரம் வேண்டியிருந்தது.

"இன்னிக்கே சாமியாரப் பாக்குறேன்," என்றாள் பாத்திமா மேரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு ஜோசப்பிடம் திரும்பினாள். "அந்தத் தனி வயரச் சுருட்டி வெச்சிரு. இனிமே எம் மைக்கு இவ மிக்ஸர் வழியாவே போவட்டும். எப்ப மூடணும்னு இவளுக்குத் தெரியும்."