மரம் தேர்தலில் நின்ற கதை

பள்ளி நாடக மன்றத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. போடும் வேஷம்தான் பெயர். எப்போதும் ராணியாக வருபவள் ராணி. குதிரைத் துணிக்குள் முன்னால் நடப்பவன் முன்கால், பின்னால் குனிந்தபடி வருபவன் பின்கால். கையில் கிளைகளைப் பிடித்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை ஒரே இடத்தில் நிற்பவன் மரம்.

மன்றத் தலைவர் தேர்தல் வந்தது. தலைவியாக வேண்டுமென்று ராணிக்குக் கொள்ளை ஆசை. அவளைத் தவிர வேறு யாருடைய பெயரும் பட்டியலில் இல்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்துவிடுவோம் என்று அவள் துள்ளிக்கொண்டிருந்தபோது, மரம் பக்கத்தில் வந்து நின்றான்.

"நானும் தேர்தல்ல நிக்கறேன்னு பேர் கொடுத்தேன். டீச்சர் முடியாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"சந்தா கட்டினவங்கதான் நிக்கலாமாம். ஓட்டும் அவங்கதான் போடலாமாம்."

"நீ கட்டலையா?"

"அப்பாகிட்ட கேட்டேன். 'மரமா நிக்கிறதுக்கு எதுக்குடா காசு? வீட்டுலயும்தான் சொன்ன வேலையைச் செய்யாம மரம் மாதிரி நிக்கிற. நான் காசா கேக்கறேன்?'னுட்டார்."

ராணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மரமும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது.

"மேடையில எத்தனையோ நாடகத்துல நின்னுட்டேன். தேர்தல்ல ஒரே ஒரு தடவை நின்னா என்னவாம்?" என்று முணுமுணுத்தபடி போய்விட்டான்.

அன்று ராணிக்குப் பாடத்தில் மனமே செல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி தானாக மடியில் வந்து விழும். நமக்கெதற்கு வம்பு என்று சும்மா இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. விசாரித்துப் பார்த்தால், பின்காலும் சந்தா கட்டவில்லை, திரை இழுக்கும் பெண்ணும் கட்டவில்லை.

மாலையில் டீச்சரிடம் போனாள். "டீச்சர், அந்தச் சந்தா விதி சரியில்லை."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது உனக்குச் சாதகமாத்தானே இருக்கு?"

"ஆமா டீச்சர். அதான் எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"சந்தா இல்லாம வேஷத்துணி எப்படி வாங்கறது? கட்டினவங்கதான் உறுப்பினர். விதின்னா விதிதான்."

ராணி கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா, இன்னிக்கு ஒத்திகையில உறுப்பினர்கள் மட்டும் நடிக்கட்டுமா?"

"தாராளமா" என்றார் டீச்சர்.

ஒத்திகை தொடங்கியது. திரை திறக்கவில்லை, இழுக்க ஆள் இல்லை. ராஜா திரைக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தார். அடுத்து குதிரை வந்தது. முன்கால் கம்பீரமாக நடக்க, பின்பாதித் துணி மேடையைப் பெருக்கிக்கொண்டே வந்தது.

"குதிரையோட மீதி எங்கே?" என்றார் டீச்சர்.

"சந்தா கட்டினது இவ்வளவுதான் டீச்சர்" என்றான் முன்கால்.

எதிரிகள் துரத்தினார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டிய ராஜா, மரமில்லாமல் வெட்டவெளியில் திருதிருவென்று விழித்தார். எதிரி வீரன் அவர் முகத்தையே பார்த்து, "ராஜாவைக் காணவில்லையே, எங்கே ஒளிந்தாரோ" என்று வசனம் பேசினான்.

கீழே உட்கார்ந்திருந்த மரமும் பின்காலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"போதும்பா, போதும். நாடகத்துல வேலை செய்யற எல்லாரும் உறுப்பினர்தான். எல்லாரும் நிக்கலாம், ஓட்டும் போடலாம். ஆனா துணிக்குக் காசு?"

"நாடகத்தன்னிக்கு வாசல்ல உண்டியல் வைப்போம் டீச்சர். பார்க்க வர்றவங்க இஷ்டப்பட்டதைப் போடட்டும்" என்றாள் ராணி.

"எங்கப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். காசு போடுவாரான்னு தெரியாது. கை நல்லாத் தட்டுவார்" என்றான் மரம்.

மறுநாள் தேர்தல். ராணி கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி அழகாகப் பேசினாள். அடுத்து மரம் மேடையேறினான். பழக்கதோஷம், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பின்காலுக்கு ஆளை மாத்தி மாத்திப் போடுவேன். ஒருத்தனே குனிஞ்சா முதுகு வலிக்கும். திரை இழுக்கறவங்க ஒரு தடவையாவது கீழே உக்காந்து நாடகம் பார்க்கட்டும். அவ்வளவுதான்."

பின்கால் எழுந்து நின்று கைதட்டினான். இதெல்லாம் நமக்குத் தோன்றவே இல்லையே என்று ராணி நினைத்துக்கொண்டாள்.

மரம் ஜெயித்தான். பொய் சொல்வானேன், ராணிக்கு அழுகை வந்தது. மேடையைப் பார்த்தாள். ஜெயித்தவன் என்ன செய்வதென்று தெரியாமல், தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே விறைத்து நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. மேடையேறி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இத்தனை நாள் நின்னது போதும். உக்காரு."

மரம் உட்கார்ந்தான்.